கல் எடை கழித்து

நகையைப் பற்றி எழுதுவது நம்முடைய பத்திரிகைகளில் கொஞ்சம் கூச்சத்துக்குரிய காரியமாகவே இருந்து வந்திருக்கிறது. நிலத்தைப் பற்றி எழுதுகிறோம், நீரைப் பற்றி, சாதியைப் பற்றி, உடலைப் பற்றிக்கூட எழுதித் தீர்த்துவிட்டோம். நகை என்று வந்தால் மட்டும் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று சிரித்து ஒதுக்குகிறோம், அல்லது 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரே அடியில் தள்ளிவிடுகிறோம். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம். காவிரிப் பாசனப் பகுதியில் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வருஷம் கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிற மாதிரி பெண்களின் கழுத்து வழியாகப் பணம் வருகிறது.

இது ஒரு மோதிரத்தைப் பற்றிய கட்டுரை. கல்யாணம் ஆகி 34 வருஷம் கழித்து, நிச்சயதார்த்தத்தில் போட்ட மோதிரத்துக்குப் பதிலாக வேறொன்று வாங்கப் போன ஒரு பெண்ணோடு நானும் போயிருந்தேன். என் பெரியப்பா மகள். அக்கா என்றே சொல்கிறேன். பாபநாசம் பக்கத்துக் கிராமம். அத்தான் ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவான நஞ்சையில் குறுவையும் சம்பாவும் போடுகிறார். அக்கா உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2024 மே மாதம் ஓய்வு பெற்றாள். அந்த வருஷம் ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்துக்கான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்கள். ஜூலை 28 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், 30ஆம் தேதி அணை 120 அடியை எட்டியது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீரும் இருந்தது, நகைக்கடைத் தெருவில் கூட்டமும் இருந்தது. "தம்பி, கும்பகோணம் வரைக்கும் வர்றியா, ஒரு மோதிரம் பாக்கணும்" என்றாள்.

கடையில் முதல் கேள்வி: "ஸார் வரலீங்களாம்மா?" என்னைப் பார்த்தவுடனேயே நான் அந்த ஸார் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இரண்டாவது கேள்வி: "பொண்ணுக்கா மருமகளுக்கா?" எனக்குத்தான் என்றாள் அக்கா. மூன்றாவது கேள்வி: "அறுபதாம் கல்யாணங்களா?" அதுவும் இல்லை என்றதும் அந்தப் பையனுக்குக் கேள்விகள் தீர்ந்துபோய்விட்டன. தட்டு தட்டாக எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான்.

அந்தப் பையனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நம்முடைய கலாச்சாரத்தில் ஒரு பெண்ணின் மேல் நகை வந்து சேர்வதற்கு எத்தனை வாசல்கள் உண்டோ அத்தனையையும் அவன் முறைப்படி தட்டிப் பார்த்தான். புருஷன் வாங்கித் தருவது, மகளுக்குச் சேர்ப்பது, மருமகளுக்குப் போடுவது, சடங்குக்கு எடுப்பது. கல்யாணத்தின் நடுவாந்திரத்தில், எந்தச் சடங்கும் இல்லாமல், தன் கல்யாண நகை ஒன்றுக்கு மாற்றாக ஒரு பெண் தானே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற வாசல் அவன் வரைபடத்தில் கிடையாது. நம் மொழியிலும் அதற்குச் சொல் கிடையாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பழைய மோதிரத்தின் கதை சின்னது. 1990இல் நிச்சயம். அத்தானுடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த ஒற்றைக்கல் மோதிரத்தைச் சபையில் வைத்து அக்கா விரலில் போட்டார்கள். வைரம் என்று ஊரே பேசியது. 2002, 2003 வருஷங்களில் காவிரி வரவில்லை. சம்பா கருகியது. சங்கத்தில் ஏற்கெனவே வாங்கிய கடன் நிற்க, கைவசமிருந்ததை எல்லாம் தனியார் அடகுக் கடையில் ஒரே பொட்டலமாக வைத்தார்கள்: சங்கிலி, வளையல், இந்த மோதிரம். அடகுச் சீட்டில் எழுதியிருந்தது அக்காவுக்கு இன்னும் மனப்பாடம்: கல் மோதிரம் 1, கல் எடை கழித்து 2 கிராம் 300 மில்லி. "கல்லுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "கல்லுக்கு ஒண்ணும் கெடையாதும்மா" என்று பதில் வந்திருக்கிறது. வட்டி ஏறி, மாற்றி வைக்கவும் முடியாமல், பொட்டலம் ஏலத்துக்குப் போய்விட்டது. இதற்குத் தமிழில் நகை 'மூழ்கிப் போச்சு' என்பார்கள். ஆற்றில் தண்ணீர் வராததால் மூழ்கிய நகை.

மோதிரம் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் புது வரவு. நிச்சயம் என்றால் தாம்பூலம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. மோதிரம் உண்டு, ஆனால் அது மாப்பிள்ளைக்கு, பெண் வீட்டுச் செலவில். தலை தீபாவளிக்கு மறுபடியும் ஒன்று. பெண்ணின் விரலுக்கு என்று கேட்டால் கால் விரலுக்கு மெட்டி. பெண் கையில் மோதிரம் ஏறியது ஆல்பமும் வீடியோவும் வந்த பிறகு, மேடையில் படமெடுக்க ஒரு காட்சி தேவைப்பட்ட பிறகு. தாலியே அவ்வளவு பழசில்லை என்ற விவாதம் 1950களில் இங்கே சூடாக நடந்ததைத் தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழக'த்தில் நினைவூட்டியிருக்கிறார். அகநானூறு 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணமே விரிவாக நடக்கிறது. பந்தல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பெண்ணை நீராட்டும் மகப்பெற்ற மகளிர் இருக்கிறார்கள், தாலி இல்லை. சங்க இலக்கியம் சொல்கிற ஐம்படைத் தாலியும் புலிப்பல் தாலியும் குழந்தைகளுக்குக் காவலாகக் கட்டியவை.

சட்டத்துக்குள் மோதிரம் நுழைந்த இடம் சுவாரசியமானது. அண்ணாதுரை அரசு 1967இல் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம், 7-ஏ பிரிவு, மூன்று வழிகளைச் சொல்கிறது: ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாக அறிவிப்பது, மாலை மாற்றிக்கொள்வது அல்லது ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது. ஏதாவது ஒன்று போதும். ஒருவர் மற்றவருக்கு என்று இரண்டு பக்கமும் ஓடுகிற வாக்கியத்தில் மோதிரம் வருகிறது, ஒரு பக்கம் மட்டுமே ஓடுகிற செயலாகத் தாலி வருகிறது. சட்ட வரைவாளர் இதை யோசித்துச் செய்தாரா தெரியாது, வாக்கிய அமைப்பு காட்டிக்கொடுக்கிறது.

கல்யாண நகையை மாற்றச் சொன்ன அதிகாரக் குரல்கள் இதற்கும் முந்தியவை. 1703இல் பாண்டிச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் டூர்நான், கத்தோலிக்கப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி அணியக் கூடாது என்று ஆணையிட்டார். ஆனால் அந்த ஆணையே, தாலி இல்லாவிட்டால் கல்யாணமாகாதவள் என்று எண்ணிவிடுவார்களே என்று பயந்து, சிலுவையோ மாதா உருவமோ பொறித்த வேறு தாலியை அனுமதித்தது. உருவத்தை மாற்றலாம், தொங்குவதை மாற்ற முடியாது. ரோமாபுரிக்கே அதற்கு மேல் துணிச்சல் வரவில்லை.

இனி சொற்களுக்கு வருவோம். கல்யாணத்துக்குப் பிறகு நகையை மாற்றுவதற்குத் தஞ்சாவூர்த் தமிழில் சொற்கள் ஏராளம். 'அழித்துச் செய்வது': பழைய நகையை உருக்கி அதே தங்கத்தில் வேறு பண்ணுவது. 'தாலி பெருக்கிப் போடுவது', 'பிரித்துக் கோர்ப்பது': கல்யாணமான சில மாதத்தில் மஞ்சள் கயிற்றிலிருந்து எடுத்துக் குண்டும் காசும் சேர்த்துக் கொடியில் கோர்ப்பது. ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையில் பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக் கயிறு கட்டிக்கொள்வது. இவையெல்லாம் அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள், புண்ணியமும்கூட. பொருள் அழியலாம், உறவு அழியவில்லை என்று காட்டுவதற்காகவே பொருளைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிற சடங்கு. மாற்றுவது மாறாமையின் குறியாகிறது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சொல் நிற்கிறது: 'அறுத்துக் கட்டுவது'. புருஷன் செத்தாலோ ஒத்துவராமல் போனாலோ தாலியை அறுத்துவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொள்வது. தமிழ்நாட்டின் உழைக்கும் சாதிகள் பலவற்றில் இது இயல்பான ஏற்பாடு. அதனாலேயே 'அறுத்துக் கட்டுற சாதி' என்பது மேல்சாதிக்காரன் வாயில் வசவாயிற்று. கவனியுங்கள்: தங்கத்தை அழித்துச் செய்கிறவள் சுமங்கலி, கயிற்றை அறுத்துக் கட்டுகிறவள் இழிந்தவள். மாற்றுகிற உரிமை என்று வரும்போது சாதி எந்த இடத்தில் கோடு கிழிக்கிறது என்பது இந்த இரண்டு வினையெச்சங்களுக்கு நடுவில் தெளிவாகத் தெரிகிறது. அக்கா செய்யப் போனது இந்த இரண்டிலும் அடங்காது. அவளிடம் அழிப்பதற்குப் பழைய தங்கமும் இல்லை, அறுக்கிற உத்தேசமும் இல்லை.

அடுத்தது கணக்கு. நகைக்கும் பட்டம் உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு வைக்க வேண்டும். ஆவணியில் சம்பா நாற்றுக்கு. ஐப்பசி மழையில் பயிர் முழுகினால் மறுநடவுக்கு இன்னொரு தடவை. தையில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பாமல் இருந்தால், பணம் கணக்கில் ஏறிய பிறகு நகையைத் திருப்பலாம். திருப்பிய நகை பங்குனியில் ஒரு கல்யாணம், சித்திரையில் ஒரு திருவிழா பார்க்கும். மறுபடி ஆனியில் உள்ளே போய்விடும். வெளியே இருக்கிற நாளைவிடச் சங்கத்து இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற நாளே அதிகம். அந்த நாட்களில் கழுத்தில் கிடப்பது சிதம்பரத்துக் கவரிங். கவரிங் கொடியில் தாலியை மட்டும் கோர்த்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதில் ஒரு நாகரிகம் உண்டு. அதை எந்தச் சமூகவியல் நூலிலும் நான் படித்ததில்லை.

இந்த நகை யாருடையது? சட்டத்தில் சந்தேகமே இல்லை. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சீதனம் பெண்ணின் முழு உடைமை, புருஷன் வீட்டார் அதைக் காப்பவர்கள் மட்டுமே என்று தீர்ப்புச் சொன்னது. வருமான வரித்துறைகூட 1994 சுற்றறிக்கையில், சோதனையின்போது கல்யாணமான பெண்ணிடம் 500 கிராம், கல்யாணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கல்யாணத்தின் எடை 250 கிராம் என்று அரசாங்கமே நிறுத்துப் போட்ட மாதிரி. ஆனால் வீட்டுக்குள் வழங்குகிற சட்டம் வேறு. நகை அவளுடையது, அதன் மேல் வாங்கும் கடன் நிலத்துடையது, நிலம் அவருடையது. மறுப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. பயிர் தண்ணிக்கு வாடுகிறபோது அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? 'இல்லை' என்ற சொல்லை அவளால் சொல்ல முடியாமல் வைத்திருப்பது அத்தானுடைய கொடுமை இல்லை. அவர் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால்தான் இன்னும் சொல்ல முடியாமல் போகிறது.

2021இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவில் 40 கிராம் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நிபந்தனைகள் வந்தன, பலர் வெளியே நின்றார்கள், சிலருக்கு நகை திரும்பியது. அதைத் தேர்தல் தந்திரம் என்று எழுதினார்கள். இருக்கலாம். தள்ளுபடி ஆனதும் சங்க வாசலில் நின்று தன் சங்கிலியைக் கழுத்தில் போட்டுப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவியைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

'கல் எடை கழித்து' என்ற சொற்றொடர் எனக்குப் பெரிய கோயிலை நினைவூட்டுகிறது. ராஜராஜன் கல்வெட்டுகளில் அரசனும் அக்கன் குந்தவையும் தேவியரும் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல், ரத்தினத்தை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல். ஒவ்வொரு நகையிலும் எத்தனை வைரம், அதில் எத்தனைக்குப் புள்ளி, எத்தனைக்கு முறிவு, அரக்கு எவ்வளவு என்று மஞ்சாடியும் குன்றியுமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கல்லும் பொன்னும் இரண்டும் மதிப்பு. இன்றைய சங்கத்து மதிப்பீட்டாளர் கல்லைக் கழித்துவிடுகிறார். அவர் மேல் தவறில்லை; கல்லை உரைகல்லில் உரசிப் பார்க்க முடியாது, ஏலத்தில் கல்லுக்கு விலை நிற்காது. தங்கம் உருகும், உருகினால் எல்லாத் தங்கமும் ஒன்று. வைரத்துக்கு அந்தச் சமத்துவம் கிடையாது.

சந்தையில் விலை நிற்காத இந்தத் தன்மையை ஒரு கம்பெனி காதலாக மாற்றி விற்றது. தென்னாப்பிரிக்க வைரத்தைக் கையில் வைத்திருந்த டி பீர்ஸ் 1938இல் அமெரிக்காவில் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் 1947இல் எழுதிய வாசகம், வைரம் என்றென்றைக்கும் என்பது. என்றென்றைக்கும் என்றால் விற்காதே என்று பொருள். வீடுகளில் கிடக்கிற கற்கள் திரும்பச் சந்தைக்கு வந்தால் விலை சரிந்துவிடும். எனவே அதை விற்பது காதலை விற்பது. 1960களில் சைபீரியாவிலிருந்து சோவியத் சிறுகற்கள் குவிய, அவற்றையும் வாங்கி விற்க ஒப்புக்கொண்ட அதே கம்பெனி, கல்யாணமாகிப் பல வருஷமான மனைவிகளுக்கென்றே பொடிக்கற்களை வரிசையாகப் பதித்த மோதிரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. நடுவயது மனைவிக்கு இரண்டாவது மோதிரம் என்ற ஆசை அங்கே அப்படி உற்பத்தியானது. சோஷலிச மண்ணின் கல், முதலாளிய நாட்டு இல்லத்தரசியின் விரல்.

இங்கே வைரத்துக்கு வேறு வரலாறு. தஞ்சாவூர் மிராசு வீடுகளிலும் கும்பகோணம் அக்கிரகாரங்களிலும் ஏழுகல் தோடு, எட்டுக்கல் பேசரி. கல்லை வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்து ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். காகபாதம் இருந்தால் குடியைக் கெடுக்கும். கல் 'ப்ளூ ஜாகர்' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த ஜாகர் யார் என்று பாட்டிகளைக் கேட்டால் ஏதோ வெள்ளைக்காரத் துரை என்பார்கள். அது ஓர் ஊர்: தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன், 1870இல் வைரம் கிடைத்த இடம், நீலம் பாய்ந்த வெள்ளைக் கல்லுக்குப் பேர்போனது. சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. பிற்காலத்தில் பழைய கழிவைத் திரும்பச் சலித்து வைரம் பொறுக்கினார்கள். அந்தக் கழிவுச் சேற்றைத் தேக்கிய கரை 2022 செப்டம்பர் 11 அன்று உடைந்து ஊருக்குள் புகுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. கொள்ளிடக் கரை உடைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நம் ஊர் அம்மாக்களின் காதில் அந்த ஊரின் பெயர் தொங்குகிறது.

காவிரி டெல்டாவுக்குள் நுழைகிற இடத்திலேயே இன்னொரு வைரமும் உண்டு. திருச்சியிலும் புதுக்கோட்டைக் கிராமங்களிலும் வீட்டுத் திண்ணையில் பட்டறை போட்டுச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இயந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கல் வந்த பிறகு அந்தப் பட்டறைகள் அடங்கிப்போயின. அது வைரமே இல்லை, வைரம் மாதிரி. இப்போது வந்திருப்பது வேறு: ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற வைரம், கரியேதான், சுரங்கக் கல்லோடு கண்ணால் வேறுபடுத்த முடியாது. 2018இல் அமெரிக்க வணிக ஆணையம் வைரத்துக்கான இலக்கணத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை நீக்கிவிட்டது. 2023 பட்ஜெட்டில் இந்திய அரசு இதன் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பணம் ஒதுக்கியது. விலை வருஷா வருஷம் சரிகிறது.

கடைக்குத் திரும்பலாம். அக்கா முதலில் கேட்டது எடையை. "தம்பி, இதுல தங்கம் எவ்வளவு கம்மியா வரும்?" பையன் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தான். எல்லோரும் தங்கம் கூட வருவதைத்தான் கேட்பார்கள். இரண்டு கிராமுக்குள், 18 காரட்டில், ஒற்றைக்கல் வைத்ததை எடுத்துக் காட்டினான். "இது தோண்டுன கல்லா, செஞ்ச கல்லா?" இரண்டும் இருந்தது. தோண்டிய கல் ஓய்வூதியப் பணத்தில் பெரும்பங்கைக் கேட்டது. செய்த கல் அதில் சிறுபங்கு.

"இதைத் திருப்பிக் கொண்டுவந்தா என்ன குடுப்பீங்க?"

"தங்கத்துக்கு அன்னிக்கு வெலை போட்டு எடுத்துக்குவோம்மா. கல்லுக்கு எங்க கடையில ரிட்டர்ன் கெடையாது. அதான் சொல்றேன், நேச்சுரல்ல பாருங்க…"

"கெடையவே கெடையாதா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப அதையே குடுங்க."

ரசீது போடும்போது பெயர் கேட்டார்கள். அக்கா சொன்ன பெயருக்கு முன்னால் கணவர் பெயரை எழுதிவிட்டுப் பிறகு அடித்தார்கள். பஸ்ஸில் கேட்டேன், ஏன் இப்படி என்று. "தங்கமா வாங்குனா ஆவணில சொசைட்டிக்குப் போயிடும்டா. இதை யாரு வாங்கி வச்சுப் பணம் தருவா?" என்றாள். சிரிக்கவில்லை. அத்தான் பார்த்துவிட்டு, அந்தப் பணத்துக்குக் காசாக வாங்கியிருக்கலாமே, ஆத்திர அவசரத்துக்கு உதவுமே என்றார். அவர் சொன்னது பொருளாதார ரீதியாக முற்றிலும் சரி.

நான் இதை விடுதலை என்று எழுதிக் கொண்டாடத் தயாராக இல்லை. பெண்ணியத் தோழி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 'இல்லை' என்று சொல்ல முடியாத ஒரு பெண் தன் சார்பில் 'இல்லை' சொல்ல ஒரு கல்லை வாங்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். கம்பெனி 'விற்காதே' என்றது தன் விலையைக் காப்பாற்ற. அக்கா 'விற்க முடியாததாகக் கொடு' என்றது தன்னைக் காப்பாற்ற. விலையற்றது என்ற சொல்லுக்கு மதிப்பிட முடியாதது, மதிப்பே இல்லாதது என்று இரண்டு அர்த்தங்கள். கடைக்காரன் ஒன்றைச் சொன்னான், அக்கா மற்றதை எடுத்துக்கொண்டாள். மனிதர்கள் கைமாற்றாமல் வைத்துக்கொள்ளும் பொருள்களைப் பற்றி அனெட் வீனர் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார்: எல்லாம் கைமாறுகிற உலகில் எதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறாய் என்பதில் அதிகாரம் இருக்கிறது என்று. அங்கே அவை குலத்தின் சொத்து, பழம்பெருமை. இங்கே ஒரு ஆய்வுக்கூடத்துக் கல், வயசு சில வாரம்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அதே ஊரில் நடவுக்கு வருகிற பெண்களின் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். சங்கத்துக்கு எடுத்துப் போக ஒரு குன்றிமணி தங்கம் இல்லாதவர்களுக்கு, வைக்க முடியாத நகை என்பது தந்திரமாக யோசித்துத் தேர்ந்தெடுத்த ஒன்றல்ல, பிறந்ததிலிருந்து இருப்பது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டத்தில் 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் அது 8 கிராம் ஆனது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய, 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதிய அந்தச் சுயமரியாதைக்காரி தன் பெயரில் தாலி கொடுப்பதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த எட்டு கிராம்தான் பல வீடுகளில் அடகு வைக்கக் கிடைத்த முதல் தங்கம். 2022இல் திட்டம் மாறி, கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாகிவிட்டது. தாலியிலிருந்து படிப்புக்கு மாற்றியது சரியான காரியம்தான். தங்கத்தை இழந்தவர்கள் யாரும் சிறுபத்திரிகை படிப்பதில்லை என்பதால் அவர்கள் கருத்து நமக்கு எழுத்தில் வரவில்லை.

2025 ஆவணியில் சம்பா நாற்று விட்டாகிவிட்டது. அக்காவும் அத்தானும் சங்கத்துக்குப் போயிருந்தார்கள், நானும் கூட. அக்கா கொடியைக் கழற்றினாள், தாலியை மட்டும் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்தார், நிறுத்தார், எழுதினார். இன்னும் கொஞ்சம் தொகை வேண்டும் என்றார் அத்தான். மதிப்பீட்டாளர் அக்காவின் கையைப் பார்த்தார். அக்கா ஒன்றும் பேசாமல் மோதிரத்தைக் கழற்றித் தராசில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரட்டிப் பார்த்துவிட்டு, "கல் எடை கழிச்சா ஒண்ணரை கிராம்கூட வராதும்மா. பதினெட்டு காரட் வேற. போட்டுக்குங்க" என்று திருப்பி நீட்டினார். அக்கா போட்டுக்கொண்டாள்.